கோட்டுக்கு ஒரு வினைச்சொல்: பீடி சுத்துற வீடுகள்ல எடுத்த 22 நேர்காணல வரைஞ்சு புரிஞ்சுகிட்ட கதை

ஒரு கோடையில குடியாத்தம் டவுன்ல மாடி ரூம் ஒண்ணு வாடகைக்கு எடுத்து மூணு பேர் உக்காந்திருந்தோம். நான், என்கூட ஃபீல்டுக்கு வந்த ஒரு தங்கச்சி, ஆடியோவ கேட்டு டைப் பண்ணி குடுத்த ஒரு தம்பி. கையில 22 நேர்காணல், எல்லாம் சுத்துப்பட்டு கிராமங்கள்ல வீட்டுலயே உக்காந்து பீடி சுத்துற பொம்பளைங்க பேசுனது, எழுதி எடுத்ததே முன்னூறு பக்கத்த தாண்டிருச்சு. நாங்க கேட்டு போன கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். கூலி பத்தலன்னு இத்தன பேரு சொல்றாங்க, வருஷக்கணக்கா சொல்றாங்க, அப்புறம் ஏன் இலையும் தூளும் குடுத்து சுத்துன பீடிய வாங்கிக்கற ஏஜென்ட்கிட்ட வாய தொறந்து கேக்கறதில்ல?

முதல்ல எல்லாரும் பண்ற மாதிரிதான் பண்ணோம். ஒவ்வொரு பத்தியா படிச்சு ஓரத்துல குறிச்சொல் போடுறது. (கோடிங்னு சொல்வாங்க, ஆனா தமிழ்ல கோட்னாலும் கோடுன்னாலும் காதுல ஒண்ணாதான் விழுது, இங்க வரையற கோட பத்தி நிறைய பேசப்போறேன், அதனால குறிச்சொல்னே வச்சுக்கறேன்.) கூலி குறைவு, இலை மோசம், கடன், கண் எரிச்சல், முதுகு வலி, பொண்ணு படிப்பு, இப்படி 61 குறிச்சொல் வந்துச்சு, அத சேத்து சேத்து ஆறு தலைப்பாக்கி ஒரு அறிக்கை எழுதி எங்க ஆராய்ச்சி கைடுக்கு அனுப்பினோம். அவர் படிச்சிட்டு போன் பண்ணி ஒரு வரிதான் சொன்னாரு: "இத நீங்க ஊருக்கே போகாம எழுதியிருக்கலாமேம்மா."

ராத்திரி தூக்கம் வரல. அவர் சொன்னது சரிதான்னு தெரிஞ்சதாலதான் வரல. பீடித் தொழில்ல கூலி குறைவு, உடம்பு கெடுது, கடன் இருக்குன்னு யாரு வேணா எழுதலாம். அந்த ஆறு தலைப்பும் தனித்தனி பானை மாதிரி வரிசையா உக்காந்திருந்துச்சு, ஒண்ணு இன்னொண்ண என்ன பண்ணுதுன்னு எங்கயுமே சொல்லல. அங்க இருந்துதான் இந்த வரையற வேலைக்குள்ள வந்தோம்.

மைண்ட் மேப்ப ஏன் தூக்கி வச்சோம்

முதல்ல தோணுனது மைண்ட் மேப், டோனி புசான் 1970கள்ல இருந்து பரப்புனாரே அதுதான். தம்பி லேப்டாப்ல நடுவுல பீடின்னு போட்டு, சுத்தி ஆறு கிளை, கிளைக்கு கிளை கலர் கலரா, ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டான். பாக்க நல்லா இருந்துச்சு, ஆனா அதே பட்டியல்தான் வட்டமா இருந்துச்சு. மரம் மாதிரி பிரியற படத்துல ஒவ்வொரு கிளையும் நடுத்தண்டோட மட்டும்தான் பேசும், பக்கத்து கிளையோட பேசாது. கடனுக்கும் இலைக்கும் நடுவுல ஏதோ இருக்குன்னா அத போட அதுல எடமே இல்ல. யோசனைய வேகமா கொட்டி வைக்க மைண்ட் மேப் நல்ல கருவி, நேர்காணல் டேட்டாவ புரிஞ்சிக்க எனக்கு அது உதவல, இத வெளிப்படையா சொல்றேன், ஏன்னா நிறைய தீசிஸ்ல கடைசி அத்தியாயத்துல அத ஒட்டி வச்சு அனாலிசிஸ்னு பேர் போட்டுடறாங்க.

சீட்டு சீட்டா வெட்டுனது

அடுத்து கே.ஜே. முறை. கவாகிதா ஜிரோன்னு ஜப்பான்காரர், மானிடவியல் ஆளு, 1950கள்ல இருந்து நேபாள மலை கிராமங்கள்ல வேலை செஞ்சவரு. அங்க சேத்த கட்டு கட்டான குறிப்புகள என்ன பண்றதுன்னு முட்டிகிட்டு நின்னப்பதான் இந்த முறைய உருவாக்குனாரு. பேரு 1960கள்ல வந்துச்சு, கே.ஜே.ங்கறது அவரோட இனிஷியல்தான், 1984ல மகசேசே விருது வாங்குனாரு. இன்னிக்கு கம்பெனிகள்ல கலர் சீட்ட செவுத்துல ஒட்டி அஃபினிட்டி டயக்ராம்னு பண்றாங்களே அதுக்கு வேர் இதுதான், ஆனா அங்க பண்றப்ப அவர் வச்ச கட்டுப்பாடு முக்கால்வாசி காணாம போயிடுது.

என்ன கட்டுப்பாடுன்னா, ஒரு சீட்டுல ஒரே ஒரு விஷயம், அதுவும் அவங்க பேசுன வாக்கியம் போலவே. சீட்டுங்கள பரப்பி வச்சு திரும்பத் திரும்ப படிக்கணும், முன்னாடியே தலைப்பு யோசிக்கக் கூடாது, எது எதுகிட்ட போய் நிக்குதோ அத நிக்க விடணும். குழுவுக்கு பேர் வைக்கறப்ப ஒத்த வார்த்தை வைக்கக் கூடாது, முழு வாக்கியமா வைக்கணும். எங்கயும் சேராத சீட்ட எந்தக் கூட்டத்துலயும் திணிக்காம ஒண்டியா விட்டுடணும். கடைசியா, குழுவுக்கு குழு உறவ வரைஞ்சு முடிச்சதும் அத பாத்து வாய்விட்டு கதையா சொல்லணும்.

ஏ4 தாள எட்டா மடிச்சு கிழிச்சு சீட்டு பண்ணோம், நானூறுக்கு மேல வந்துச்சு. வேலூர் பக்கம் மே மாசத்துல ஃபேன் நிறுத்திட்டு உக்கார முடியுமா, ஃபேன் போட்டா சீட்டு பறக்குது. தங்கச்சி கீழ் வீட்டுல இருந்து புளியங்கொட்டை ஒரு படி வாங்கிட்டு வந்தா, ஒவ்வொரு சீட்டு மேலயும் ஒரு கொட்டை. ரெண்டு நாள் தரையில மண்டி போட்டுதான் வேலை.

முழு வாக்கியமா பேர் வைக்கணும்ங்கற விதி எவ்ளோ பெரிய விஷயம்னு அப்பதான் புரிஞ்சுது. கூலி குறைவுன்னு முன்னாடி வச்சிருந்த குவியல திரும்ப படிச்சு வாக்கியமா எழுத உக்காந்தா, "சுத்துனது ஆயிரம், கைக்கு வர்றது ஆயிரத்துக்கான கூலி இல்ல"ன்னு வந்துச்சு. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல. முதல்ல இருக்கறது கூலி விகிதம் பத்தின புகார், ரெண்டாவது நடுவுல ஏதோ கழியுதுங்கற புகார். எது கழியுது, எங்க கழியுதுன்னு அடுத்த கேள்வி தானா வந்து நிக்குது.

இங்க ஒரு சீட்டு பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். பதினாலாவது நேர்காணல், அறுபது வயசு தாண்டுன ஒரு ஆயா. சீட்டுல இருந்தது இவ்ளோதான்: "கட்ட பிரிக்க சொல்லோ கை நடுங்கும் கண்ணு." தம்பி அத எடுத்து உடம்பு வலி, கண் எரிச்சல் இருந்த குழுவுல வச்சிட்டான். வயசானவங்க, புகையிலை தூளோட வேலை, கை நடுங்குது, நியாயமா தெரியும். எனக்கு என்னமோ ஒட்டல. தூக்கி தனியா வச்சேன், அது ரெண்டு நாளும் ஒண்டியா கெடந்துச்சு. மூணாவது நாள் சீட்டு மூலையில எழுதியிருந்த நம்பர வச்சு அந்தப் பக்கத்த தேடி எடுத்து மேலயும் கீழயும் படிச்சேன். அவங்க சொன்னது இது: "மேல நல்ல எலையா வச்சி கட்டிகினு இருப்பாங்க. உள்ள பிரிச்சா ஓட்டையும் கீசலுமா கீது. இன்னிக்கி ஆயிரம் வராதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். கட்ட பிரிக்க சொல்லோ கை நடுங்கும் கண்ணு."

கட்டுங்கறது இலைக்கட்டு. கை நடுங்குறது நோயில்ல, பயம். வாக்கியத்த வெட்டி எடுத்தப்ப அந்தப் பயத்த வெட்டிப் போட்டுட்டு நடுக்கத்த மட்டும் சீட்டுல எழுதியிருக்கோம், அதுவும் எழுதுனது நானே, என் கையெழுத்துதான். மூலையில நேர்காணல் நம்பரும் பக்கமும் குறிச்சு வைக்கலன்னா அந்த ஆயா சொன்னது அறிக்கையில உடல்நலப் பிரச்சினைன்னே போயிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால யாராவது இந்த முறைய பண்ண உக்காந்தீங்கன்னா, வேற எத விட்டாலும் மூலையில அந்த நம்பர விடாதீங்க.

இலைய நடுவுல வச்சப்ப

அந்தச் சீட்டுக்கு அப்புறம் இலைய தவிர வேற எதையும் யோசிக்க முடியல. எங்க பழைய பட்டியல்ல இலை மோசம்ங்கறது கூலிக்கு கீழ ஒரு உபதலைப்பு, அவ்ளோதான். மனுஷங்களையும் அவங்க கருத்தையும்தான் தேடிக்கிட்டு இருந்தோம், இலை ஒரு பொருள், அது என்ன பண்ணிடப்போகுதுன்னு நெனப்பு.

இத மாத்துனது அடேல் கிளார்க்ங்கற சமூகவியல் ஆராய்ச்சியாளரோட சூழல் வரைபடம். கள டேட்டால இருந்தே கோட்பாடு கட்டுற கிரவுண்டட் தியரிய கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967ல புத்தகமா கொண்டு வந்தாங்க. அந்த அன்செல்ம் ஸ்ட்ராஸ்கிட்ட சான் பிரான்சிஸ்கோவுல படிச்சவங்கதான் கிளார்க், 2005ல அவங்க புத்தகம் வந்துச்சு. அவங்க சொல்றது, ஒரு பெரிய தாள்ல அந்தச் சூழல்ல இருக்கற எல்லாத்தையும் கலைச்சு போட்டாப்ல எழுது, மனுஷங்க, பொருளுங்க, சட்டம், பேச்சுல வராதவங்க, எல்லாம். அப்புறம் அத நிறைய ஜெராக்ஸ் எடு. ஒவ்வொரு ஜெராக்ஸ்லயும் ஏதாவது ஒண்ண மட்டும் வட்டம் போட்டு, அதுக்கும் மத்த ஒவ்வொண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டு கோடு இழு.

முப்பது ஜெராக்ஸ் எடுத்தோம். ஏஜென்ட்ட வட்டம் போட்ட தாள்ல ஏழெட்டு கோடு. கடன்ல ஆறு. இலைய வட்டம் போட்ட தாள்ல பேனா நிக்கவே இல்ல. இலை காஞ்சு போனா வெட்டறப்பவே நொறுங்கும், அதனால தண்ணியில நனைச்சு ஈரக் கோணியில சுத்தி வைக்கணும், அப்ப தண்ணி. பஞ்சாயத்து தண்ணி எந்த நேரத்துக்கு வருதோ அதுக்கு எந்திரிக்கறது யாரு, மருமக. அக்னி நட்சத்திரத்துல நனைச்ச இலை சீக்கிரம் காயும், மழைக்காலத்துல பூஞ்சை புடிக்கும், அப்ப வெயிலும் மழையும். தகடு வச்சு அளவா கத்திரியில வெட்டறப்ப ஓட்டைய ஒதுக்கி வெட்டுனா ஒரு இலையில ரெண்டு துண்டு வர்ற எடத்துல ஒண்ணுதான் வரும், ஒதுக்காம வெட்டுனா பீடி கழிவுல (சரியில்லன்னு ஏஜென்ட் ஒதுக்கறதுல) போகும், அப்ப எண்ணிக்கை, கழிவு, கண்பார்வை. இலை வர்றதே மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகள்ல இருந்து, அங்க கோடையில பறிக்கறவங்களும் நம்ம மாதிரி ஏழை ஜனம்தான், அவங்க எங்க தாள்லயே இல்ல, அன்னிக்குதான் எழுதிச் சேத்தோம்.

1966ல பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்குன்னு வந்த சட்டத்துல, மூலப்பொருள் குடுக்கறதுல வர்ற தகராறு, பீடிய கழிக்கறதுல வர்ற தகராறு, கழிச்ச பீடிக்கான கூலியில வர்ற தகராறுன்னு மூணையும் தனித்தனியா பேர் சொல்லி எழுதியிருந்தாங்க. அந்தச் சட்டத்த நான் ஃபீல்டுக்கு போறதுக்கு முன்னாடியே படிச்சிருந்தேன். படிச்சும் என் பட்டியல்ல இலை ஓரத்துலதான் கெடந்துச்சு. இலை குடுக்கறதுதான் சண்டை நடக்கற எடம்னு அறுபது வருஷம் முன்னாடி சட்டம் எழுதுனவங்களுக்கு தெரிஞ்சிருக்கு.

கோட்டுக்கு பேர் என்ன

இப்ப செவுத்துல பெரிய படம் இருக்கு, கோடு நிறைய இருக்கு. இங்கதான் முக்கால்வாசி பேர் நிறுத்திடறாங்க, நாங்களும் நிறுத்தியிருப்போம். கைடுகிட்ட போட்டோ அனுப்பினதுக்கு அவர் கேட்டாரு, "கடனுக்கும் இலைக்கும் கோடு போட்டிருக்கியே, அந்தக் கோட்டுக்கு பேர் என்ன?" எனக்கு பதில் வரல. "சம்பந்தம் இருக்கு சார்"னு சொன்னேன். "என்ன பண்ணுதுன்னு ஒரு வினைச்சொல் போடு. போட முடியலன்னா உனக்கு அந்த உறவு தெரியலன்னு அர்த்தம்"னாரு.

இது கான்செப்ட் மேப்போட விதி. ஜோசஃப் நோவாக், அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல 1972ல அவரும் அவர் கூட்டாளிங்களும் கொண்டு வந்தது. இதோட பிறப்பே எங்க பிரச்சினை மாதிரிதான், அது தெரிஞ்சப்ப மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. சின்னப் பசங்களுக்கு அறிவியல் எப்படி புரியுது, வருஷம் போகப் போக எப்படி மாறுதுன்னு பேட்டி எடுத்துக்கிட்டே போயிருக்காங்க, பேட்டி எழுத்து மலையா குவிஞ்சு, அதுல என்ன மாறியிருக்குன்னு கண்டுபிடிக்க முடியாம போனப்பதான் வரைஞ்சு பாத்திருக்காங்க. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தற கருவியா இன்னிக்கு தெரியற இது நேர்காணல் குவியல்ல இருந்துதான் பொறந்துச்சு. ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கற கோட்டு மேல சொல் எழுதணும், கட்டம், கோட்டுச் சொல், கட்டம் மூணையும் சேத்து படிச்சா ஒரு வாக்கியமா நிக்கணும்.

கடன், அப்புறம் கோடு, அப்புறம் இலை. என்ன வினைச்சொல்? தங்கச்சி "உண்டாக்குது"ன்னா. எப்படி உண்டாக்குதுன்னு கேட்டா தெரியல. தம்பி "பாதிக்குது"ன்னான். பாதிக்குதுங்கறது எதுக்கு வேணா போடலாம், அது வினைச்சொல் மாதிரி இருக்கற ஒரு சமாளிப்பு, அதுக்கப்புறம் எங்க ரூம்ல பாதிக்குது, தொடர்புடையது, காரணமாகுது மூணையும் தடை பண்ணிட்டோம். வேற வழியில்லாம ஆடியோவுக்கே திரும்பினோம், இலை வர்ற எடத்துல எல்லாம் அவங்க என்ன வினைச்சொல் போடறாங்கன்னு மட்டும் காது குடுத்து கேட்டோம்.

"பிடிச்சிக்குவாங்க."

"இலை பத்தலன்னு இன்னும் நூறு கிராம் கேட்டா குடுப்பாங்க, சனிக்கிழமை பிடிச்சிக்குவாங்க." "கழிவு போச்சின்னா பிடிச்சிக்குவாங்க." "தீவாளிக்கு வாங்குனத பிடிச்சிக்கினாங்க." 22 பேர்ல 17 பேர் பேச்சுல இந்தச் சொல் இருந்துச்சு. நாங்க யாரும் இதுக்கு குறிச்சொல் போடல. கடன்னு நாங்க குறிச்சது எல்லாம் மகளிர் குழு லோன், கல்யாணக் கடன், ஆஸ்பத்திரிக் கடன். இலைக்காக பிடிக்கறத அவங்க கடன்னே சொல்றதில்ல, அதனால நாங்களும் கடன்னு பாக்கல, கூலி குறைவுங்கற குவியலுக்குள்ள போட்டு மூடிட்டோம்.

அதுக்கப்புறம் கோடுங்க தானா வந்து நின்னுச்சு. மோசமான இலை எண்ணிக்கைய குறைக்குது. குறையற எண்ணிக்கைய நெரப்ப கூடுதல் இலை வாங்கறாங்க. கூடுதல் இலைக்கு சனிக்கிழமை கூலியில பிடிச்சிக்கறாங்க. பிடிச்சது போக வர்ற கூலி வாரத்துக்கு எட்டல, ஏஜென்ட்கிட்டயே அட்வான்ஸ் வாங்க வைக்குது. அட்வான்ஸ் வாங்குன வாய் அடுத்த கட்டு இலைய வேணாம்னு சொல்ல விடமாட்டேங்குது. வேணாம்னு சொல்லாதவங்களுக்கு மோசமான கட்டு வருது. அந்தக் கடைசிக் கோட்ட போட்டதும் தங்கச்சி எந்திரிச்சு நின்னுட்டா, ஏன்னா கோடு ஆரம்பிச்ச கட்டத்துலயே வந்து முட்டுது. சிஸ்டம் டைனமிக்ஸ்காரங்க இத காரணச் சுழல்னு சொல்வாங்க, தன்னத்தானே ஊதி பெருசாக்கிக்கற சுழல்.

ஏன் யாரும் வாய தொறக்கறதில்லன்னு நாங்க கேட்டு போன கேள்விக்கு பதில் அந்த வட்டத்துக்குள்ள இருந்துச்சு. அடக்கமோ பயந்த சுபாவமோ இல்ல, வாரா வாரம் சனிக்கிழமை கணக்குல வாய அடைக்கறாங்க.

ஆனா கடைசிக் கோடு, வேணாம்னு சொல்லாதவங்களுக்கு மோசமான கட்டு வருதுங்கறது, மூணே மூணு பேர் சொன்னது. அத புள்ளிக்கோடா போட்டோம். உறுதியா தெரிஞ்சதுக்கு முழுக்கோடு, கொஞ்ச பேர் மட்டும் சொன்னதுக்கு புள்ளிக்கோடு, நாங்களா யூகிச்சதுக்கு பென்சில் கோடு. இத கடைசி வரைக்கும் மாத்தல.

திண்ணையில நூல் போட்டு

இந்தப் படத்த அவங்ககிட்ட காட்டாம அறிக்கையில போடறது சரியில்லன்னு எனக்கு பட்டுச்சு. நம்ம ஊர்ப்பக்கம் கிராமப் பங்கேற்பு முறைல ரொம்ப வருஷமா பண்றதுதான், ராபர்ட் சேம்பர்ஸ் மாதிரி ஆளுங்க எழுதி உலகத்துக்கு தெரிஞ்சது: தரையில வரையறது, கோலமாவு, கல்லு, கொட்டை வச்சு, எந்த நிறுவனம் ஊருக்கு பக்கத்துல, எது தூரம்னு வட்டம் வட்டமா வைக்கறது, அத சப்பாத்தி படம்னே சொல்வாங்க. பேனாவும் சார்ட்டும் கொண்டு போனா பேனா யாரு கையில இருக்கோ அவங்கதான் பேசுவாங்க.

பேசுனவங்கள்ல அஞ்சு பேரு ஒரு வீட்டு திண்ணையில சாயங்காலம் கூடுனாங்க, முறத்த மடியில வச்சபடியே, கை சுத்திகிட்டே. சாக்பீஸ் எடுத்தேன். ஒரு அக்கா "அத்த வச்சி கிறுக்கினா அழிக்க முடியாது, இந்தா"ன்னு பீடி கட்டற நூல்கண்ட தூக்கி போட்டாங்க. சீட்டுல எழுதுன கட்டங்கள தரையில பரப்பி, கோட்டுக்கு பதிலா நூல். நூல எடுக்கலாம், நகத்தலாம், வேற எடத்துல போடலாம். நாங்க ரூம்ல ஒரு வாரம் உக்காந்து பண்ண படத்த அவங்க முக்கால் மணி நேரத்துல மூணு எடத்துல மாத்துனாங்க.

முதல் மாத்தம், ஏஜென்ட். எங்க படத்துல எல்லா கெட்டதும் ஏஜென்ட்கிட்ட போய் முடிஞ்சிருந்துச்சு. அந்த ஆயா (கை நடுங்கும்னு சொன்னவங்களேதான்) நூல அங்க நிறுத்தாம இன்னும் இழுத்துகினு திண்ணைய விட்டு கீழ வாசப்படி வரைக்கும் கொண்டு போனாங்க. "அவன் மட்டும் இன்னா பண்ணுவான், அவனுக்கு கம்பெனி இதத்தான் குடுக்குது. அவனுக்கு எங்கியோ காட்டுல இருந்து வருது." படத்த எங்க முடிக்கறோம்ங்கறது யார குத்தவாளி ஆக்கறோம்ங்கறதும்தான், அத நான் அன்னிக்கு வாசப்படில கெடந்த நூல பாத்து புரிஞ்சுகிட்டேன்.

ரெண்டாவது, அட்வான்ஸுக்கும் பேசாம இருக்கறதுக்கும் நடுவுல நாங்க போட்டிருந்த நூல ஒருத்தங்க எடுத்துட்டாங்க. "துட்டு வாங்கனதுக்காக பேசாம இல்ல. அட்டைக்குத்தான்." அட்டைன்னா அவங்க பேர்ல இருக்கற பதிவு, அதுல வேலை ஏறினாதான் பி.எஃப்., பென்ஷன், பசங்களுக்கு படிப்பு உதவித்தொகை எல்லாம். சண்டை போட்டா இலை நிறுத்துவான், இலை நின்னா அட்டையில ஏறாது. கூலி இன்னிக்கு போனா போகுது, அட்டை போச்சுன்னா பதினஞ்சு வருஷம் போச்சு. எங்க நேர்காணல்ல அட்டை பத்தி நிறைய பேர் பேசியிருந்தாங்க, நாங்க அத நலத்திட்டம்ங்கற தலைப்புல போட்டு நல்ல விஷயமா எண்ணி வச்சிருந்தோம்.

மூணாவது மாத்தத்த யாரும் வாயால சொல்லல. வாசல்ல நின்னு பாத்துகிட்டு இருந்த அந்த வீட்டு மருமக உள்ள போய் தண்ணி கொண்டு வந்து வச்சிட்டு, போறப்ப அட்டைங்கற கட்டத்துல இருந்து மருமகங்கற கட்டத்துக்கு போட்டிருந்த நூல கால் விரலால மெதுவா தள்ளி விட்டுட்டு போச்சு. மாமியாருங்க யாரும் பாக்கல. எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. அட்டை மாமியா பேர்ல, சுத்துறதுல பாதிக்கு மேல மருமக, அட்டைக்கும் அவளுக்கும் எந்த நூலும் கெடையாது.

ரூமுக்கு வந்து 22 பேர் பட்டியல பாத்தா, 22 பேரும் அட்டைக்காரங்க. ஏஜென்ட் குடுத்த பேர்கள்ல இருந்து ஆரம்பிச்சோம், அவர் பேர் சொன்னதெல்லாம் கணக்குல இருக்கறவங்க. கிளார்க்கோட இன்னொரு படம் நிலைப்பாட்டு வரைபடம், ரெண்டு அச்சு போட்டு யாரு எந்தப் பக்கம் நிக்கறாங்கன்னு குறிக்கறது, அதுல காலியா இருக்கற எடத்த பாக்கணும்னு சொல்வாங்க. ஒரு அச்சுல அட்டை மேல இருக்கற நம்பிக்கை, இன்னொரு அச்சுல இந்த வேலையிலயே இருக்கற விருப்பம்னு போட்டு பாத்தோம். நம்பிக்கை இல்ல, விருப்பமும் இல்லங்கற மூலையில ஒரு புள்ளி கூட கெடையாது. அப்படி நினைக்கறவங்க ஊர்ல இல்லாம இல்ல, அவங்ககிட்ட நாங்க போகல. அதுக்கப்புறம் மருமகளுங்க ஆறு பேர்கிட்ட பேசினோம், வீட்டுல இல்ல, ரேஷன் கடை போற வழியில, கொழாயடில, ஒருத்தங்ககிட்ட பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல. அவங்க படமே வேற. அதுல ஷூ கம்பெனி பஸ் நடுவுல இருக்கு, ஆம்பூர் பக்கம் போற பஸ், பீடிய விட்டு அதுல ஏற விடுவாங்களா மாட்டாங்களாங்கறதுதான் அவங்களுக்கு கேள்வி.

எந்த மாசம் என்ன நடக்குதுன்னு காட்டற பருவக் காலண்டர் ஒண்ணும் போட்டோம், அத பத்தி சுருக்கமா. நாங்க ஜனவரில ஆரம்பிக்க, அவங்க வைகாசி மொத நாள் கெங்கையம்மன் சிரசுல ஆரம்பிச்சாங்க. சொந்தபந்தம் எல்லாம் வர்ற திருவிழா, செலவு, அட்வான்ஸ் ஏறற மாசம், அதே மாசம்தான் வெயில்ல இலை நொறுங்கற மாசமும். எங்க சுழல் வருஷத்துல எங்க ஆரம்பிச்சு சுத்துதுன்னு அதுல இருந்து தெரிஞ்சுது.

போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி

ஒரு எச்சரிக்கை, இத அழுத்தியே சொல்லணும். நூல் போட்ட திண்ணைய தம்பி போன்ல போட்டோ எடுத்தான், பேர் எதுவும் இல்ல, கட்டங்க மட்டும்தான். ராத்திரி பெருசு பண்ணி பாத்தா ஓரத்துல ஒரு அக்காவோட கால் மெட்டியும் அந்த வீட்டு வாசப்படி நிறமும் தெரியுது. அந்த ஊர்ல யாரு பாத்தாலும் யாரு வீடுன்னு சொல்லிடுவாங்க. நேர்காணல் எழுத்துல பேர மாத்தறது சுலபம். படம் அப்படி இல்ல, மருமக, அட்டை இல்ல, ஷூ கம்பெனின்னு மூணு கட்டம் ஒரே கோட்டுல நின்னாலே சின்ன ஊர்ல ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சுவாங்க. அந்த போட்டோவ அழிச்சிட்டு ஞாபகத்துல இருந்து தாள்ல வரைஞ்சோம், தனி ஒரு வீட்ட காட்டற எந்தக் கோட்டையும் அறிக்கையில போடல.

சாஃப்ட்வேர் பத்தி கேக்கறவங்களுக்கு: நேர்காணல் டேட்டாவ அலசற என்விவோ, அட்லாஸ் டிஐ ரெண்டுலயும் வரையற வசதி இருக்கு, சீமேப்டூல்ஸ் இலவசம், கோட்டு மேல சொல் எழுதறதுக்குன்னே செஞ்சது. கடைசி படத்த அதுலதான் போட்டோம். ஆனா முதல் மூணு வாரம் தாள், கொட்டை, நூல்தான். ஸ்கிரீன்ல கோடு ரொம்ப நேரா வருது, நேரா வந்ததும் முடிஞ்சு போச்சுன்னு மனசு நம்பிடுது. தினமும் சாயங்காலம் செவுத்துப் படத்த தேதியோட போட்டோ எடுத்து, அன்னிக்கு எந்தக் கோட்ட ஏன் மாத்துனோம்னு நாலு வரி எழுதி வச்சோம். அறிக்கையில முறை எழுதறப்ப அந்த நோட்டுதான் கை குடுத்துச்சு.

கடைசி வாரம் கவாகிதா சொன்ன மாதிரி படத்த பாத்து வாய்விட்டு கதையா சொல்லி பாத்தோம், தம்பி சொல்ல சொல்ல நானும் தங்கச்சியும் எங்க திக்கறான்னு குறிச்சோம். அட்டையில இருந்து மருமகளுக்கு வர்றப்ப ஒவ்வொரு தடவையும் திக்குனான். இல்லாத நூலுக்கு என்ன வினைச்சொல் போடறது? "சேரல"ன்னு எழுதி பாத்தோம், "விடல"ன்னு எழுதி பாத்தோம். சேரலன்னா யாரோட தப்பும் இல்ல, விடலன்னா யாரோ ஒருத்தர் விடாம இருக்காங்க. யாரு விடல, மாமியாரா, ஏஜென்ட்டா, கணக்கு எழுதறவங்களா, ஆறு பேர் பேச்ச வச்சு அத சொல்ல முடியாது.

அந்த எடத்துல பென்சில் கோடு போட்டு, மேல சொல் எழுதாம, அப்படியே அறிக்கைய குடுத்திருக்கோம். சிரசு முடிஞ்சு ஊர் கொஞ்சம் அடங்குனதும் அந்தக் கொழாயடிக்கே திரும்ப போறோம், இந்தத் தடவ ஏஜென்ட்கிட்ட பேர் வாங்காம.